பறவைக் கணக்கும் பணக் கணக்கும்: ஈபேர்ட் பற்றி ஒரு பொருளாளர்

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவிடும் செயலியான ஈபேர்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பறவை நோக்கர்கள். எத்தனை இனம் பார்த்தார்கள், பட்டியலில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதில்தான் அவர்கள் கவனம் இருக்கும். நான் பொருளாளர். பதினொரு பறவைக் குழுக்கள் சேர்ந்த ஒரு வட்டாரக் கூட்டமைப்புக்கு ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். உள்ளான்களில் எது எது என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். ஆனால் இந்தச் செயலி இல்லாமல் எங்கள் வரவு செலவு ஒரு வருடம்கூட நேராக நின்றிருக்காது.

முதலில் அடிப்படை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கம் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2002-இல் தொடங்கியது இது. 2010-இல் உலகம் முழுவதுக்கும் திறந்துவிட்டார்கள். 2021-இல் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பகுதிக்குரிய தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

எனக்கு இது பிடித்துப்போன காரணம் கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் செலவில் பெரும்பகுதி பயணப்படி. தன்னார்வலர்கள் கொண்டுவரும் பேருந்துச் சீட்டுகள் தணிக்கைக்கு எடுக்கும்போது வெற்றுத் தாளாக இருக்கும், மை பறந்திருக்கும். "இவர் உண்மையிலேயே அங்கே போனாரா?" என்று தணிக்கையாளர் கேட்டால் நான் என்ன சொல்வது? இப்போது ஒவ்வொரு வவுச்சருக்குப் பின்னாலும் அந்த நாளில் அவர் ஈபேர்டில் இட்ட பட்டியலை அச்சடித்து வைக்கிறேன். தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர், கூட எத்தனை பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். போன வருடத் தணிக்கையில் பயணச் செலவில் ஒரு கேள்விகூட வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல்தான் ஆதாரம் என்றான பிறகு, "ஒரு பட்டியலுக்கு இவ்வளவு படி" என்று செயற்குழுவில் ஒரு தீர்மானம் போட வைத்தேன். எளிமையாக இருக்குமே என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஒரே குளத்தில் ஒரே காலையில் பதினான்கு பட்டியல்கள் வந்தன, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். யாரும் பொய் சொல்லவில்லை, நான் எதற்குப் பணம் கொடுத்தேனோ அதைத்தான் கொடுத்தார்கள். தீர்மானத்தை ரத்து செய்தோம். குறித்த இடம், மாதம் ஒரு முறை, குறைந்தது முப்பது நிமிடம், அதற்கு மட்டும் படி என்று மாற்றினோம். பட்டியல்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பயன் கூடியது.

அதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. செயலிக்கு மாறிய முதல் ஆண்டில் எங்களிடம் 60 பட்டியல்கள். அடுத்த ஆண்டில் 410. ஆண்டறிக்கை வரைவில் நான் "எங்கள் ஈரநிலங்களில் பறவைகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியுள்ளது" என்று பெருமையாக எழுதி நிதி தந்தவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த திட்ட அலுவலர் ஒரே ஒரு வரியில் பதில் போட்டார்: "பறவை பெருகியதா, பார்க்கிற ஆள் பெருகினாரா?" நாலு நாள் தூக்கம் இல்லை. அப்புறம்தான் "நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவிட்டீர்களா?" என்று செயலி கடைசியில் கேட்கும் கேள்வியின் மதிப்பு புரிந்தது. ஆம் என்று சொன்னால் அது முழுமையான பட்டியல். அதில் இல்லாத பறவை, அன்று கண்ணில் படாத பறவை. நூறு முழுமையான பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் வந்திருக்கிறது என்று விழுக்காடாகப் பார்த்தால், பட்டியல் அறுபதோ நானூறோ, ஒப்பிடுவதற்கு ஓரளவு வழி உண்டு. நடந்த தூரமும் நேரமும் ஒத்திருந்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு கேள்விக்காகவே நான் ஈபேர்டுக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

குறைகளுக்கு வருகிறேன். எண்ணிக்கை எழுதவேண்டிய இடத்தில் எக்ஸ் என்று போட்டாலும் செயலி ஏற்றுக்கொள்ளும். "இருந்தது, எண்ணவில்லை" என்று அர்த்தம். வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். எங்களுக்குப் போதாது. ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடு வழக்கமாக வந்து தங்கும் இடம் ராம்சர் தகுதிக்கு, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற தகுதிக்கு வரும். மொத்தம் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாக வந்தாலும் வரும். இரண்டுக்கும் எண் வேண்டும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், கண் பார்த்தால் போதும், பெயர் சொல்லிவிடுவார். ஆனால் எட்டு வருடப் பட்டியல்களிலும் பெரிய கூட்டங்களுக்கு நேராக எக்ஸ்தான். "சார், நூறா ஆயிரமா, உத்தேசமாகவாவது சொல்லுங்கள்" என்று கேட்டால், "பொய்க்கணக்கு எழுத மாட்டேம்மா" என்பார். அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. இப்போது ஒரு கல்லூரி மாணவி பக்கத்தில் நின்று பத்துப் பத்தாக எண்ணுகிறாள், அவர் பெயர் சொல்கிறார்.

இடப்பெயர் அடுத்த தலைவலி. பொது இடமாக ஏற்கெனவே குறித்த புள்ளியைத் தேர்ந்தெடுக்காமல், ஆளாளுக்குத் தனிப் புள்ளி வைத்தார்கள். ஒரே ஏரி எங்கள் கணக்கில் எட்டு ஏரியாக இருந்தது, எட்டு எழுத்துக்கூட்டலில். இணைத்து முடிக்க மூன்று மாதம். அதோடு, பட்டியல் தனிமனிதர் கணக்கில்தான் இருக்கும். அவர் கோபித்துக்கொண்டு போனால் அவரோடு போய்விடும். இதற்கு நாங்கள் கண்ட வழி, கூட்டமைப்பின் பெயரில் ஒரு குழுக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு பட்டியலையும் அதனுடன் பகிரச் சொன்னது. ஐந்து பேர் சேர்ந்து போனாலும் ஒருவர் எழுதி மற்றவர்களுடன் பகிர்ந்தால் ஒரே எண்ணிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஐந்து பேரும் தனித்தனியாக எழுதினால் ஒரு நாரை ஐந்து நாரை.

ஈபேர்டில் சந்தேகப் பதிவுகளைச் சரிபார்ப்பவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். 40 என்பதை 400 என்று தட்டிவிட்ட எங்கள் உறுப்பினருக்கு "எண்ணை உறுதிசெய்ய முடியுமா?" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. "என் கண்ணையே நம்பவில்லையா?" என்று குழுவை விட்டே விலகப் போனார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு தொலைபேசி அழைப்பு, ஒரு நேரடிச் சந்திப்பு.

இந்த இடத்தில்தான் இலவசம் என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. செயலி இலவசம்தான். எட்டு ஏரியை ஒரு ஏரியாக்குவது, எக்ஸை எண்ணாக்குவது, கோபித்தவரைத் திரும்ப அழைப்பது எல்லாம் ஒரு ஆளின் வேலை. வாரத்துக்கு இரண்டு முழு நாள். அந்த ஆளுக்குச் சம்பளம் கேட்டால் "நிர்வாகச் செலவு" என்று அடித்துவிடுகிறார்கள். இருநோக்கி வாங்கப் பணம் கிடைக்கிறது. எங்கள் அலமாரியில் பிரிக்காத பெட்டியோடு ஆறு இருநோக்கிகள் இருக்கின்றன. பயிலரங்குக்கும் பதாகைக்கும் கிடைக்கிறது. எங்கள் பதிவுகளைச் சரிபார்க்கும் பெண்ணுக்கு மட்டும் இல்லை.

"கூட்டமைப்பு எதற்கு? குழுக்களுக்கே நேரடியாகக் கொடுத்துவிடலாமே" என்றும் ஒரு நன்கொடையாளர் கேட்டார். அதற்கு ஈபேர்டின் வாரவாரம் நகரும் வரைபடங்களைத்தான் திறந்து காட்டினேன். ஒரே பறவை பல குழுக்களின் எல்லையைத் தாண்டிப் போவது அதில் கண்ணுக்கு முன்னால் தெரியும். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்ததையும் சொன்னேன். நிதி வந்தது. அதே நன்கொடையாளர் பின்னால் சிற்றேட்டுக்காக ஒரு அரிய பறவையின் கூட்டுக்கு வரைபடம் கேட்டார். ஈபேர்டே அத்தகைய இனங்களின் இடத்தைப் பொதுவில் மறைக்கிறது, நாங்கள் தர முடியாது என்று எழுதிவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார்.

புதிதாகக் கூட்டமைப்பு தொடங்குகிறவர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் விண்ணப்பத்திலேயே சரிபார்க்கும் ஆளுக்கான தொகையை எழுதிவிடுங்கள். "நிர்வாகம்" என்று எழுதாதீர்கள், "தரவுச் சரிபார்ப்பு" என்று செயல்பாட்டின் கீழ் எழுதுங்கள். செய்கிற வேலையும் அதுதான். நான் இந்த முறை அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இந்த மாதம் சரிபார்க்க 84 பட்டியல்கள் காத்திருக்கின்றன. அதில் மூன்றில், பெரிய கூட்டத்துக்கு நேராக, எக்ஸ்.