ஏரிக்கரைவரை குடும்பத்துடன்: ஒரு காரின் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் குடும்பக் கார் பல ஆண்டுகளாக ஒரே வகைப் பயணத்துக்குத்தான் அதிகம் பயன்பட்டு வருகிறது. விடிவதற்கு முன்பே கிளம்பி, நெடுஞ்சாலையை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே செல்லும் குறுகிய சாலைகள் வழியாகப் பெரிய ஏரி ஒன்றை அடைவோம். இரண்டு குழந்தைகளும் என் தாயாரும் உடன் வருவதால் ஐந்து இருக்கைகளும் நிறைந்துவிடும். டிக்கியிலும் இடம் மிஞ்சாது. இத்தகைய பயணத்துக்குக் கார் தேடுவோர் பெரும்பாலும் எஞ்சின் திறனைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் கிராமச் சாலையில் அந்தத் திறனில் பாதியைக்கூடப் பயன்படுத்த வாய்ப்பிருக்காது. பயணம் சுகமாக அமைவது டயரையும் பின்னிருக்கையையும் பொறுத்தது என்பதே என் உறுதியான கருத்து.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், பல கார்களில் குறைந்த சுமைக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு வேறோர் அளவுமாக டயர் காற்றழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். ஏரிப் பயணத்துக்கு இரண்டாவது அளவே பொருந்தும். டயர் நன்கு ஆறியிருக்கும்போது, அதாவது வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு, அதைச் சரிபார்க்க வேண்டும். ஓடும்போது டயர் சூடேறுவதால் அழுத்தம் தானாகவே கூடும்; அதைப் பார்த்து நடுவழியில் காற்றைக் குறைத்துவிட்டால், டயர் ஆறிய பின் அழுத்தம் தேவைக்கும் கீழே போய்விடும். அந்நிலையில் பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிபடும், டயரின் பக்கச்சுவரும் கிழியக்கூடும். ஸ்டெப்னி முழு அளவில் இருக்கும் காரையே நான் பரிந்துரைப்பேன். அளவில் சிறிய தற்காலிகச் சக்கரங்களில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். மேலும், கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடுவதற்காக அவை செய்யப்படவில்லை.

பின்னிருக்கையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மகளுக்குக் கார் வளைவுகளில் திரும்பத் தொடங்கினாலே குமட்டும். முதலில் பேச்சு குறையும், பிறகு கொட்டாவி வரும், அதன் பின் உதடு வெளுக்கும். உட்காது உடலின் அசைவை உணர்கிறது. மடியில் உள்ள புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்க்கும் கண்ணோ அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம் என்று பொதுவாக விளக்கப்படுகிறது. 2 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே இந்தத் தொல்லை அதிகம். எனவே ஒரு காரைப் பார்வையிடச் செல்லும்போது, பின்னிருக்கையில் அமரும் குழந்தையின் கண் மட்டத்துக்கு ஜன்னலின் கீழ்விளிம்பு எங்கே வருகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். அழகுக்காக ஜன்னல் பின்புறம் மேலேறிச் செல்லும் கார்களில் குழந்தைக்குத் தெரிவது கதவின் உட்புறம் மட்டுமே. எங்கள் காரில் ஜன்னல் தாழ்வாக இருப்பதால் தொலைவில் தெரியும் மரவரிசையைப் பார்த்தபடியே வரச் சொல்ல முடிகிறது. பிரேக்கை மெதுவாக அழுத்தி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால், பெரும்பாலான பயணங்களில் மருந்து தேவைப்படுவதில்லை. ஏசியை நெடுநேரம் உட்சுழற்சியிலேயே விடாமல் அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே வர விடுவதும் உதவுகிறது. ஓட்டுபவருக்கு மந்தம் தட்டாமல் இருக்கவும் அது நல்லது.

வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் பதிவிறக்கிவிடுகிறோம். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக இடத்தை அறியும். திரையில் காட்டத்தான் வரைபடம் வேண்டும். அது காட்டும் மிகக் குறுகிய வழியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை.

ஏரியை அடைந்ததும் காரை நீரின் விளிம்புவரை கொண்டுசெல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். கரையோர மண் மேலே வெயிலில் காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும், அடியில் சேறாக இருக்கக்கூடும். முதலில் நான் இறங்கி நடந்து பார்ப்பேன். குதிகால் அழுந்திய தடத்தில் நீர் ஊறினால் அதற்கு அப்பால் வண்டியைக் கொண்டுபோவதில்லை. முன்சக்கர இயக்கமுள்ள காரில் டிக்கி நிறையச் சுமை இருந்தால் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும் என்பதால் இந்தக் கவனம் இன்னும் முக்கியம். காலையில் சலனமற்றிருக்கும் பெரிய ஏரி, நிலம் நீரைவிட வேகமாகச் சூடேறுவதால், பிற்பகலில் நீர்ப்பரப்பிலிருந்து கரை நோக்கி வீசும் காற்றில் அலையெழுப்பத் தொடங்கும். காற்று தடையின்றிக் கடக்கும் நீர்ப்பரப்பு எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு அலையும் வளரும். ஆகவே குழந்தைகள் நீரில் இறங்குவது காலையில், அவரவர் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கியுடன் மட்டுமே. அந்த அங்கிகளுக்கு டிக்கியில் எப்போதும் இடம் உண்டு.

இத்தனை ஆண்டுகளில் தேய்மானம் தெரிந்தது சஸ்பென்ஷனில்தான். மேடுபள்ளங்களில் முன்பக்கம் கேட்ட சத்தம், அதன் இணைப்புகளில் உள்ள புஷ் எனப்படும் ரப்பர் உறைகளை மாற்றியதும் நின்றது. புழுதியால் ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் சீக்கிரம் அடைபடுவதால், கையேடு சொல்லும் கால அளவுக்கு முன்பே மாற்றிவிடுகிறோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் தொல்லை தரவில்லை. அடுத்த காரும் இதே அளவில், தாழ்ந்த ஜன்னலுடனும் முழு அளவு ஸ்டெப்னியுடனும்தான் வாங்குவோம்.