பழைய தேக்கு பீரோவுக்கு விலை கேட்டேன்: காரைக்குடிக் கடை அனுபவம்

பழைய மரச்சாமான் விற்க வேண்டியிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கும் தூண், கதவு, பீரோ, எனாமல் பாத்திரம் எல்லாம் கைமாறுவது அங்கேதான். ஆனால் எல்லாக் கடையும் ஒன்றல்ல.

தேவகோட்டை வீட்டில் பாகம் பிரித்தபோது அப்பத்தாவின் கண்ணாடி பீரோ என் பங்குக்கு வந்தது. சென்னையில் எங்கள் ஃபிளாட்டில் அதை வைக்க இடமில்லை. முதலில் பழைய பொருள் வாங்கும் செயலி ஒன்றில் படம் போட்டேன். எத்தனை வருஷப் பழசு என்று கேட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்து, 8,000 ரூபாய் காட்டியது. பிளைவுட் சோபாவுக்கு அந்தக் கணக்கு சரி. பர்மா தேக்குக்கு எப்படிச் சரியாகும்? 2014-இல் மியன்மார் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. வருஷம் ஏற ஏற இதற்கு மதிப்புக் கூடத்தான் செய்யும்.

தெருவில் முதல் கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததுமே 12,000 என்றார். ஏன் என்று கேட்டால், "மார்க்கெட் அவ்வளவுதான்." அடுத்த கடையில் விலையே சொல்லவில்லை, "ஆள் வந்து பார்க்கட்டும்" என்றார்கள். கடைசியில் அவர்களிடம்தான் விற்றேன்.

வந்த பெரியவர் பீரோவின் முகப்பைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்த்தார். பாலிஷ் படாத அடிப்பலகையைப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டி, முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். எண்ணெயும் தோலும் கலந்தாற்போல ஒரு வாசம். "சாயம் பூசின வேற மரமா இருந்தா இந்த வாசம் வராது, ஆச்சி" என்றார். மூலைகளில் ஆணியே இல்லை. பலகைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்திருந்தார்கள். அப்புறம் டார்ச் அடித்துக் கால்களைத் தட்டினார். பின்கால் ஒன்றிலிருந்து மாவு கொட்டியது. வைரம் பாய்ந்த நடு மரத்தை விட்டுவிட்டு ஓரத்து வெள்ளை மரத்தை மட்டும் வண்டு தின்றிருந்தது. "காலை மாத்திட்டாப் போதும், மத்ததெல்லாம் கல்லு" என்றார்.

கணக்கை என் கண் முன்னாலேயே எழுதினார். கண்ணாடி இருக்கும் இடத்தைக் கழித்துப் பலகைகளை அளந்ததில் 6 கன அடி. பழைய மரம் என்று கன அடிக்கு 3,000 வீதம் 18,000. இழைப்பு வேலைக்கும், மாற்றாத பெல்ஜியம் கண்ணாடிக்கும், பித்தளைக் கைப்பிடிகளுக்கும் சேர்த்து 9,000. கால் மாற்ற 3,000 கழிவு. ஆக 24,000. பீரோவுக்கு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டும் கூலி என்று இன்னும் குறைத்திருப்பாராம். விற்குமுன் பளபளப்பாக்குகிறேன் என்று யாரும் செலவு செய்யாதீர்கள். பாலிஷ் மூடிய மரத்தை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

அதே அளவு பீரோ ஒன்று, பாலிஷ் போட்டு, அவர்கள் கடையில் 48,000 என்று நிற்கிறது. நமக்குக் கிடைப்பது அதில் பாதிதான். எனக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை. பழுது பார்த்து, கிட்டங்கியில் வைத்து, ஆள் வரும்வரை காத்திருப்பது அவர்கள்தானே. எந்தச் சாமான் எப்படிப் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஊஞ்சல் பலகை வந்த வேகத்தில் போய்விடுமாம். பெரிய சாப்பாட்டு மேஜை மாசக்கணக்கில் கிடக்குமாம். கனமான ஈட்டி மர (ரோஸ்வுட்) நாற்காலிக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஆசைப்பட்டாலும், அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 2017-இலிருந்து ஈட்டியும் சேர்ந்துவிட்டதால் அனுப்பக் காகிதம் வேண்டும். அதனால் தயங்குகிறார்கள்.

குறை என்றால் ரசீதுதான். கேட்ட பிறகுதான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு நேர்மையாக விலை போடுகிறவர்கள் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். வண்டிக் கூலி யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னிடம் 1,500 பிடித்துக்கொண்டு, மீதியை ஏற்றும்போதே கையில் கொடுத்துவிட்டார்கள்.