சொரெண்டோவில் மரப்பதிப்பு மேசை வாங்குபவர்கள் கவனத்துக்கு: என் 1,450 யூரோ போய்விட்டது

இத்தாலியின் சொரெண்டோ ஊரில் ஒரு சின்ன மரப்பதிப்பு மேசைக்கு 1,450 யூரோ கொடுத்தேன். வந்தது போலி. கடையிலிருந்து இன்று காலை கடைசிப் பதிலும் வந்துவிட்டது. இன்னொருவர் ஏமாறுவதற்குள் எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பல நிற மரங்களின் மெல்லிய தகடுகளை அறுத்துப் பொருத்தி, பூவும் கொடியுமாக ஆக்குவதுதான் இன்தார்சியா என்ற இந்த மரப்பதிப்பு. இத்தாலியின் உர்பினோ அரண்மனையில், 1476-ஐ ஒட்டிச் செய்த படிப்பறையின் கீழ்ச்சுவர் முழுக்க இந்த வேலைதான். பாதி திறந்த அலமாரி, உள்ளே புத்தகங்கள் என்று தெரியும். தொட்டால் தட்டைப் பலகை. சொரெண்டோவில் இது 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஊர்த்தொழில்.

நான் போனது முன்பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பரிசுப்பொருள் கடை. அங்கே ஒரு பெரியவர் மெல்லிய ரம்பத்தால் ரோஜா இதழ் ஒன்றை அறுத்தார். இடுக்கியில் பிடித்து, ஓரத்தை மட்டும் சுடுமணலில் செருகி எடுத்தார். சாயம் எதுவும் இல்லாமலே ஓரம் பழுப்பேறி, இதழ் வளைந்தது போல நிழல் விழுந்திருந்தது. சூடு ஆறாத அந்த இதழை என் உள்ளங்கையில் வைத்தார். "உங்கள் மேசையும் இதே கை செய்ததாகத்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர். காட்சிக்கு வைத்தது விற்றுவிட்டதாம், அதே மாதிரி ஒன்றை அனுப்புவார்களாம். கார்டைக் கொடுத்தேன்.

பார்சலைப் பிரித்தால், தடித்த லேக்கர் பூச்சுக்கு அடியில் ரோஜா, இலை, பின்னணி எல்லாவற்றிலும் மர ரேகை ஒரே கோடாக ஓடுகிறது! தனித்தனித் துண்டுகள் என்றால் ரேகை துண்டுக்குத் துண்டு திரும்பியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பத்திரிகைப் படம் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. 1,450 யூரோவுக்கு அச்சடித்த படம்!

கடைக்கு எழுதிக் கேட்டேன். "கைவேலை என்றால் வித்தியாசம் இருக்கும்" என்றார்கள். படங்கள் அனுப்பினேன். முதலாளி விடுமுறையில் இருக்கிறாராம். ஆகஸ்டில் இத்தாலியே மூடிக் கிடக்கும், சரி என்று காத்திருந்தேன். அப்புறம், நேரில் வாங்கியதற்கு 14 நாள் திருப்பும் உரிமை கிடையாது என்றார்கள். அது மனம் மாறித் திருப்புகிறவர்களுக்கான விதி. சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி விற்றவருக்கு 2 வருடம் பொறுப்பு உண்டு. அதை எழுதிக் கேட்டதற்கு இன்று வந்த பதில்: "பில்லில் அலங்கார மேசை என்றுதான் இருக்கிறது."

அந்தப் பெரியவரின் கைத்திறமையைக் காட்டி அச்சுத்தாளை விற்கிறார்களே, அதுதான் ஆறவில்லை.

அவசரமாகச் சொல்கிறேன். பார்த்த பொருளையே வாங்குங்கள், "அதே மாதிரி இன்னொன்று" வேண்டாம். அதன் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேகை திரும்புகிறதா என்று பாருங்கள். பில்லில் "இன்தார்சியா, கைவேலை" என்று எழுத வையுங்கள். கார்டில் கொடுத்த 1,450 யூரோவை வங்கி வழியாகத் திரும்பக் கேட்டால், என் வங்கி முதலில் கேட்பது பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான்.