குதிகால் முள்ளுக்கு ஓர் எண்ணெய், ஒரு செங்கல், ஒரு நாட்டு மருந்துக் கடை

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் மட்டுப்படும். சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணி. இது வந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

மதுரையில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். காலை 9.30 முதல் இரவு 9 வரை நிற்கிற வேலை. கீழே கிரானைட் தரை, செருப்பு வாசலோடு சரி. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் பிரிவில் 11 பேருக்கு மூன்று ஸ்டூல் வந்தது. அதில் ஒன்றின் மேல் இப்போது பில் கட்டுகள் இருக்கின்றன.

போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு எக்ஸ்ரே எடுத்தேன். குதிகால் எலும்பின் அடியில் ரோஜாச் செடி முள் போல ஒரு சின்ன நீட்டம். "முள் வளர்ந்திருக்கு" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அதைக் கரைத்தே தீர வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. அந்த வெறியில் நான் வாங்கியவை, அரைத்தவை, சூடு போட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் பற்றித்தான் இது.

முதலில் எண்ணெய். செல்போனில் விளம்பரம் பார்த்து வாங்கினேன், பெயர் வேண்டாம். 100 மில்லி 1,850 ரூபாய். "ஒரு மண்டலத்தில் முள் உருகி ரத்தத்தோடு கலந்து வெளியேறும்" என்று போனில் பேசிய பெண் சொன்னார். 48 நாளும் ஒரு நாள் தவறாமல் தேய்த்தேன். தேய்த்ததும் ஜில்லென்று இருக்கும், கால் மணி நேரம் வலி தெரியாது. அப்புறம் பழைய கதைதான். நாற்பதாவது நாள் போன் செய்து கேட்டால், "உங்களுக்கு முள் பழசு மேடம், இரண்டாவது பாட்டில் வேண்டியிருக்கும்" என்று பதில்.

இந்தப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டுதான் கீழமாசி வீதிப் பக்கம் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். சின்னக் கடை. உள்ளே நுழைந்தால் சித்தரத்தை, திப்பிலி, சாம்பிராணி எல்லாம் சேர்ந்து ஒரு காட்டமான வாசனை. என் அம்மா வசம்பைப் பெயர் சொல்லி வாங்கக் கூடாது என்று "பேர் சொல்லாதது" என்றுதான் கேட்பார். இந்தக் கடையில் இன்னமும் அப்படிக் கேட்டால் மறுகேள்வி இல்லாமல் எடுத்துத் தருகிறார்கள்.

கல்லாவில் இருந்த அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். "எவ்வளவு குடுத்தீங்க தாயி?" சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று டப்பாக்களைத் திறந்தார். பச்சைக் கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு. மூன்றிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடி, என் கையில் கொடுத்துக் குலுக்கச் சொன்னார். மூன்றுமே உலர்ந்த பொருள்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. இரண்டு நிமிடம் போவதற்குள் குப்பியின் அடியில் ஈரம் கசிந்தது, பிறகு மொத்தமும் தெளிந்த நீராகிவிட்டது. "இதை நல்லெண்ணெயில ரெண்டு சொட்டு விட்டா உங்க எண்ணெய் மாதிரிதான் ஜில்லுனு இருக்கும். வலி மறக்கும். முள்ளெல்லாம் கரையாது. எலும்பு கரையிற அளவுக்கு ஒண்ணு இருந்தா, மேல இருக்கிற தோலை விட்டு வைக்குமா?" அந்தக் குப்பிக்கு அவர் வாங்கிய காசு 60 ரூபாய். 1,850 ரூபாய் எண்ணெய்க்கு நான் தரும் மார்க்கை இனி தனியாகச் சொல்ல வேண்டாம்.

அதே கடையில் முடக்கத்தான் பொடியும் வாதநாராயணன் பொடியும் நூறு நூறு கிராம் வாங்கினேன். மூட்டு, வாதம் என்றாலே நம் ஊரில் இந்த இரண்டு பெயரும் வந்துவிடும். வாதநாராயணன் பேதியாக்கும், கொஞ்சமாக ஆரம்பியுங்கள் என்று அண்ணாச்சி எச்சரித்துத்தான் கொடுத்தார். நான் முடக்கத்தானைத் தோசை மாவில் தாராளமாகக் கலந்து, வாதநாராயணனைக் கஷாயமாகவும் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முகூர்த்தப் புடவைக் கூட்டம். நான் எத்தனை முறை மூன்றாவது மாடிக்கு ஓடினேன் என்பதை சூப்பர்வைசர் எண்ணி வைத்திருந்தார். பிறகு அளவைக் குறைத்து ஒரு மாதம் தொடர்ந்தேன். தோசை நன்றாகவே இருந்தது, லேசான கசப்போடு. குதிகாலில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

சூடான செங்கல் மேல் எருக்கிலையை வைத்துக் கொடுக்கும் ஒத்தடம் இதற்கெல்லாம் மேல். சொன்னது பக்கத்து கவுன்டர் அக்கா. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டுகிற அதே எருக்கு, எங்கள் பக்கம் கண்மாய்க் கரை முழுக்கக் கிடக்கிறது. காசே இல்லை. ஆனால் சில நுணுக்கம் இருக்கிறது. பச்சை இலையைப் பறித்தால் பால் கொட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், விளையாட்டுக் கிடையாது. செடியின் அடியில் பழுத்து மஞ்சளாகி நிற்கும் இலையாகப் பார்த்து எடுக்க வேண்டும், எடுத்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். செங்கல்லும் சூளையில் சுட்ட சிவப்புக் கல்லாக இருக்க வேண்டும். பக்கத்தில் வீடு கட்டுகிறார்களே என்று கேட்டு வாங்கினால் சாம்பல் நிறத்தில் ஃப்ளை ஆஷ் கல்லைக் கொடுத்தார்கள். கடைசியில் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் கிடந்த பழைய கல் ஒன்று அகப்பட்டது.

கல்லை அடுப்பில் பத்து நிமிடம் சூடாக்கி, இறக்கி, ஒரு பலகை மேல் வைத்து, நாலைந்து இலையை அடுக்கினால் "சுர்ர்" என்று ஆவி வரும். கீரை வேகிற மாதிரி ஒரு பச்சை வாடை. குதிகாலை வைத்து உடனே எடுக்க வேண்டும், வைத்து எடுக்க வேண்டும். முதல் சில தடவை தாங்காது. போகப் போக ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு காலை அப்படியே ஊன்றி நிற்கலாம். இலை வதங்கி ஒட்டிக்கொள்ளும்போது குதிகாலுக்குள் ஏதோ முறுக்கு அவிழ்வது போல இருக்கும். இரவு பத்தரை மணிக்கு, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு அது என்ன சுகம் என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை. மறுநாள் காலை வலி இருந்தது. ஆனால் தூக்கம் நன்றாக வந்தது. வெறும் சூட்டுக்கும் இதே பலன் இருந்திருக்கலாம். ஒரு நாள் இலை கிடைக்காமல் கல் உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது.

சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து இந்தக் கல் பக்கம் போகாதீர்கள். என் மாமியார் ஆசைப்பட்டு வைத்துப் பார்த்தார். சூடே தெரியவில்லை என்றார். தெரியாததுதான் வினையாகிவிட்டது, கொப்புளம் ஆற ஐந்து வாரம் ஆனது.

அப்புறம் அரசு மருத்துவமனை சித்தா பிரிவு. காலி பாட்டில் கொண்டுபோக வேண்டும், அதில் தைலம் ஊற்றித் தருவார்கள். எனக்குக் கொடுத்தது வாதகேசரித் தைலம், கூட அமுக்கரா மாத்திரை. ஒரு ரூபாய் செலவில்லை. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன், அதுவும் குதிகாலோடு. ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்காகவே அங்கே போகலாம். சின்னப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "அக்கா, முள்ளை மறந்துடுங்க. இதே முள் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு இருக்கு" என்றார். வலி முள் குத்துவதால் வருவதில்லையாம். குதிகாலிலிருந்து விரல் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. ஓயாமல் நின்று நின்று அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில் புண்படுகிறது. ராத்திரியில் சுருங்கிக் கிடக்கும் பட்டையைக் காலையில் முதல் அடி வெடுக்கென்று இழுப்பதால்தான் அந்த ஆணி. தைலத்தைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னார். தைலத்தைவிட முக்கியம் என்று இன்னொன்றும் சொன்னார். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பக்கம் போட்டு முழங்காலை மடக்காமல் உங்கள் பக்கம் இழுங்கள், முப்பது எண்ணும் வரை, மூன்று தடவை. வெறுங்காலோடு கல் தரையில் நிற்காதீர்கள், எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள். மஞ்சள் மாத்திரை வாங்கலாமா என்று கேட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது, உங்களுக்குச் சமையலில் போடுகிற மஞ்சளே போதும் என்றார்.

எம்.சி.ஆர். செருப்பு 420 ரூபாய். அதைக் கடைக்குள் போட அனுமதி வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. டாக்டர் சீட்டைக் காட்டி, அழுது, கடைசியில் வெளியே தெரியாத நிறத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். துண்டு இழுப்பது, செருப்பு, ராத்திரி ஒத்தடம், தைலம். ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசல் வரை போய்விட்டுத் திரும்பிய பிறகுதான், ஆணி ஏறவில்லையே என்று நினைவு வந்தது.

இந்தப் பங்குனியில் படியில் கால் பிசகி மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியதாயிற்று. ஆசையாகப் பார்த்தேன். ரோஜா முள் அங்கேயே இருக்கிறது, ஓர் இம்மி குறையாமல். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் மட்டும் இன்னும் மாதம் ஒரு தடவை போன் செய்து, "முள் எப்படி இருக்கு மேடம்?" என்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஞாயிறு மதியத்தோடு அடைத்துவிடுவார்கள். ஜிபே கிடையாது, சில்லறை எடுத்துப் போங்கள். பொட்டலம் கட்ட நேரமாகும், அண்ணாச்சி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடை போடுவார். ஆனால் போனதும் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, உட்காருங்க தாயி என்பார்.