நைட்டிக்கு ஒன்று, மீன் குழம்புக்கு வேறொன்று

குடியாத்தத்தில் என் அண்ணி வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கிறார். வேலூர் தோட்டப்பாளையத்தில் பள்ளி நண்பன் ஒருவன் மெஸ் நடத்துகிறான். இருவரும் ஒரே வாரத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எதில் போட்டால் ஆள் வரும்?" யோசிக்காமல் இருவருக்கும் இன்ஸ்டாகிராம் என்றேன். இருவருக்குமே அது தவறான பதில்.

அண்ணிக்கு நானே ரீல்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மொட்டை மாடியில் கொடி கட்டி, பூப்போட்ட நைட்டிகள் காற்றில் ஆடும் காட்சி. பார்வைகள் ஏறின. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் விலை கேட்டார், மதுரையிலிருந்து ஒருவர் இதயம் அனுப்பினார். ஒரு நைட்டி கூட விற்கவில்லை. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. நம்மைத் தெரியாதவர்களிடமும் நம்மைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் இரண்டின் வேலையும். அண்ணியின் நைட்டியை வாங்குகிறவர்களோ நான்கு தெருவுக்குள் இருக்கிறார்கள். துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பாதிப் பணம் இன்று, மீதி சீட்டு எடுத்த பிறகு. மதுரைக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அண்ணி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மாறினார். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதை நான் குறையாக நினைத்திருந்தேன். "மறைவதால்தான் தம்பி உடனே கேட்கிறார்கள்" என்றார். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் கொள்ளும், அதுவும் அவர் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அண்ணிக்கு அதுவே சல்லடை. எண்ணைப் பதியாதவர் எப்படியும் வாங்கப் போவதில்லை.

குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாமே என்று கேட்கலாம். தெருக் குழுவில் போட்டுப் பார்த்தார். காலை வணக்கப் படங்களுக்கும் முருகனுக்கும் நடுவே நைட்டி காணாமல் போனது. அது கூடப் பரவாயில்லை. ஒரு பெண்மணி "எனக்குச் சாயம் போய்விட்டது" என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதிவிட்டார். ஸ்டேட்டஸில் அந்த ஆபத்து இல்லை. ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தெரியாது. யாருக்கு எவ்வளவு குறைத்தோம் என்பதும் தெரியாது. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மெஸ் கதை தலைகீழ். தோட்டப்பாளையத்தைச் சுற்றி லாட்ஜுகளில் தங்குகிறவர்களில் பெரும்பகுதி சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தவர்கள்: மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், எல்லை தாண்டி வங்கதேசம். வாடிக்கையாளர் கூட்டம் சில வாரங்களுக்கு ஒருமுறை முழுசாக மாறிவிடும். எண்ணை வாங்கிப் பதிந்து முடிப்பதற்குள் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். வாட்ஸ்அப் இங்கே எதற்கு?

அவர்கள் காட்பாடியில் இறங்குவதற்கு முன்பே பாதி முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள். வேலூருக்கு எப்படிப் போவது, லாட்ஜ் வாடகை என்ன, மீன் குழம்பும் சோறும் எங்கே கிடைக்கும் என்று வங்க மொழியில் யூடியூபில் தேடுகிறார்கள். அங்கேதான் யூடியூப் ரீல்ஸை வெல்கிறது. ரீல்ஸ் தானாக வந்து கண்ணில் விழுந்து மறைவது. யூடியூப் காணொளி தேடுகிறவனுக்காகக் காத்திருக்கும், மூன்று ஆண்டுகள் பழையதானாலும். அடுத்தபடி கூகுள் மேப்ஸ். லாட்ஜ் படியிறங்கும்போதே நோயாளியின் உடனிருப்பவர் பக்கத்தில் என்ன சாப்பாடு என்று தட்டிப் பார்க்கிறார். நண்பன் வங்க எழுத்தில் விலைப் பலகை எழுதி, அதன் படத்தை மேப்ஸில் ஏற்றினான். இன்ஸ்டாகிராம் பார்த்து வந்தவர்கள் சில விஐடி மாணவர்கள் மட்டுமே. இலையைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள், இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

பேஸ்புக்? இளைஞர்கள் அதைக் கிழவர்களின் திண்ணை என்கிறார்கள். இருக்கட்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் வாணியம்பாடிக்காரரையும் பத்தாம் வகுப்பில் உடன் படித்தவரையும் கண்டுபிடிக்க அதைவிடச் சிறந்த திண்ணை எனக்குத் தெரியாது. நைட்டி விற்காது. டெலிகிராம், அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பாடக்குறிப்பு இறக்கிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்புக்கு இவ்வளவு பரிந்து பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018 மே மாதம், பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த போளூர் பக்கத்தில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். யூடியூபில் பொய் சொன்னால் கீழேயே ஒருவர் மறுத்து எழுதலாம். வாட்ஸ்அப்பில் பொய் மாமாவின் பெயரோடு வருகிறது, மாமாவை யார் மறுப்பது? அண்ணியின் நைட்டியை விற்றுத் தருவதும் அதே நெருக்கம்தான் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது அண்ணி காலை எட்டரைக்கு, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும், ஸ்டேட்டஸ் வைக்கிறார். மேற்கு வங்கத்துப் பர்த்வானிலிருந்து ஒருவர் மறுபரிசோதனைக்கு வருவதாக நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஒருவருக்காக என் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன். நான் திறந்து கொடுத்த இன்ஸ்டாகிராம் கணக்கை அண்ணியின் மகள் எடுத்துக்கொண்டாள். அதில் நைட்டி இல்லை, வீட்டுப் பூனை இருக்கிறது.