நிவாரணப் பட்டியலில் பெயர் ஏற்ற விரல் ரேகை கேட்டால் கொடுக்காதீர்கள்

புயல் முகாமுக்கோ, வெள்ளம் வடிந்த தெருவுக்கோ யாராவது வந்து, "நிவாரணப் பட்டியலில் பெயர் ஏற்ற வேண்டும், இந்த இயந்திரத்தில் விரலை வையுங்கள்" என்று சொன்னால் தயவுசெய்து வைக்காதீர்கள். என் பெரியம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து 9,000 ரூபாய் இப்படித்தான் போனது. அந்த ஆளை நம்பியதால் முறைப்படி வரவேண்டிய நிவாரணமும் சிக்கலில் மாட்டிக்கொண்டது. மறுபடியும் மழைக்காலம் வருகிறது. அதற்குள் நாலு பேருக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. பெரியம்மாவின் ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். குடிசையின் ஒரு பக்கச் சுவர் விழுந்துவிட்டது. கட்டியிருந்த ஆடுகளில் இரண்டு செத்துப்போயின. ஊரே பள்ளிக்கூட முகாமில் இருந்தது. அங்கே சமைத்துப் போட்டவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சோறு கிடைத்தது, பாய் கிடைத்தது. ஆனால் முகாமுக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் அவன் வந்திருக்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் அட்டை, கையில் நீளமான நோட்டு. அட்டை எப்போதும் பின்பக்கமாகவே திரும்பியிருந்ததாம். தாலுகா அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொல்லி, வகுப்பறை வகுப்பறையாகப் போய்க் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் செல்பேசியில் படம் எடுத்திருக்கிறான். படிவச் செலவு என்று ஆளுக்கு 200 ரூபாயும் வாங்கியிருக்கிறான். பிறகு பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துச் செல்பேசியோடு இணைத்து, "விரலை வை ஆயா, பெயர் ஏறட்டும்" என்றிருக்கிறான். களை பிடுங்கித் தேய்ந்த கை, ரேகை சட்டென்று விழவில்லை. புடவை முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான். "ஏற்கவில்லை, இன்னொரு விரலை வை" என்றான். பெரியம்மாவும் வைத்தார்.

ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரேஷன் கடையில் அரிசி வாங்க விரல் வைக்க வேண்டும். முதியோர் உதவித்தொகையைத் தருகிற வங்கி முகவரும் இதே மாதிரிப் பெட்டியைத்தான் நீட்டுகிறார். அரசாங்கம் என்றாலே விரல் வைப்பது என்று நாம்தான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். ஆதார் எண், எந்த வங்கி என்ற விவரம், விரல் ரேகை, இந்த மூன்றும் இருந்தால் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிடலாம். ஏ.டி.எம். அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், செல்பேசிக்கு ஓ.டி.பி.கூட வராது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்காகக் கொண்டுவந்த நல்ல வசதி இது. அதையே அவன் கத்தியாக்கிக்கொண்டான்.

பணம் போனது உடனே தெரியவில்லை. கணக்கோடு இணைத்திருந்தது, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண். பிறகு வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டபோதுதான் 5,000 என்று ஒரு வரியும் 4,000 என்று ஒரு வரியும் இருந்தன. இரண்டுக்கும் முகாமில் இருந்த அதே நாள் தேதி, பக்கத்தில் ஏ.ஈ.பி.எஸ். என்ற எழுத்துகள், அதாவது ஆதாரையும் விரல் ரேகையையும் வைத்துப் பணம் எடுத்ததற்கான குறிப்பு. "ஏற்கவில்லை" என்று அவன் சொன்ன விரலும் ஏற்றிருக்கிறது. நூறு நாள் வேலைக் கூலியும் உதவித்தொகையுமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் அது.

அதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. "பெயர் ஏறிவிட்டது, இனி யாரிடமும் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதனால் வருவாய்த் துறையினர் சேதக் கணக்கெடுக்க வந்த அன்று பெரியம்மா வீட்டில் இல்லை. செத்த ஆடுகளுக்குப் படமே போதும் என்று அவன் சொன்னதை நம்பி, கால்நடை மருத்துவர் பார்ப்பதற்குள் புதைத்துவிட்டார்கள். ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்த தொகைகள் இவை: சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் சூழ்ந்து பிழைப்பு கெட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டைக்கு 2,000. இதில் அந்த 2,000 மட்டும் ரேஷன் கடை வழியாகக் கைக்கு வந்தது. குடிசைக்கு மனுமேல் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆடுகளுக்குச் சான்று இல்லை, ஆகவே பணமும் இல்லை.

முறையான வழி இவ்வளவு சுற்றுவழி அல்ல. முகாமுக்குள் போனதும் அங்குள்ள பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயரும் அட்டை எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீடு இடிந்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் நேரில் பார்த்து அறிக்கை தருவார்கள், தாசில்தார் அலுவலகம் வழியாகப் பணம் வரும். அவர்கள் வராவிட்டால் நீங்களே மனு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சேதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு இறந்தால் அரசு கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை புதைக்காதீர்கள். சான்றிதழ்கள் வெள்ளத்தில் போய்விட்டால் அதற்கென்று சிறப்பு முகாம் நடத்துவார்கள், ஃபெஞ்சலுக்கும் அறிவித்தார்கள். எந்தப் படியிலும் கட்டணம் கிடையாது. முகாமில் சந்தேகமான ஆள் தென்பட்டாலும், உதவி எதுவும் வரவில்லை என்றாலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070.

வங்கிக் கிளையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். "நீங்கள்தான் விரல் வைத்திருக்கிறீர்கள், வங்கி என்ன செய்யும்?" என்று கேட்டு, எழுத்தில் கொடுத்த புகாரை வாங்கவே மறுத்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவரை நிற்க வைத்துக்கொண்டு பேசிய பேச்சு அது. வாடிக்கையாளர் பக்கம் தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுப்பவருக்கு இழப்பு கிடையாது என்று 2017இலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் புகாரில் முத்திரை விழுந்தது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. நாங்கள் போயிருக்கிறோம். பணம் போனது தெரிந்தவுடன் முதலில் அழைக்க வேண்டிய எண் 1930, சைபர் குற்றப் புகாருக்கு. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுடைய கணக்கிலும் ஆதாரிலும் இப்போது பயன்பாட்டில் உள்ள செல்பேசி எண்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது, தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். தொல்லைதான், ஆனாலும் மழைக்காலம் முடியும்வரையாவது செய்யலாம். விளக்கம் கேட்க 1947.

பெரியம்மாவோடு அதே முகாமில் இருந்த இன்னும் சிலருக்கும் இதே தேதியில் பணம் போயிருக்கிறது. தனித்தனியாகப் போனபோது ஒவ்வொருவரையும், "வயதாகிவிட்டது, எடுத்ததை மறந்திருப்பீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவிலூர் பக்கத்து முகாம்களில் தங்கியவர்கள் யாராக இருந்தாலும், வங்கிப் புத்தகத்தில் 2024 டிசம்பர் முதல் வாரத்துப் பக்கத்தை எடுத்து, நீங்கள் எடுக்காத ஏ.ஈ.பி.எஸ். வரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். எல்லோருடைய பக்கங்களையும் சேர்த்து மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் ஒரே மனுவாகக் கொடுக்கப்போகிறோம்.