சாலைக் கரைச் சரிவுக்குத் தென்னைநார் வலைப்பாய்: எங்கே தாங்கும், எங்கே தோற்கும்

நெடுஞ்சாலை மண்கரையில் புல் வேர்பிடிக்கும் வரை மண்ணைக் காக்க, இந்தப் பாய்க்கு எங்கள் முதல் வாக்கு. தென்னைநாரில் லிக்னின் (தாவர நாருக்கு உறுதி தரும் பொருள்) அதிகம் என்பதால் சணலைவிட மெதுவாகவே மட்கும். 400, 700, 900 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடைகளில் கிடைக்கிறது. எடை கூடினால் வலைக்கண் நெருக்கமாகும். சாதாரணச் சரிவுக்கு 400 போதும், செங்குத்தான இடத்துக்கு 700-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பாய் தோற்பது பெரும்பாலும் விரிப்பதில்தான். கல், மண்கட்டிகளை அகற்றாமல் விரித்தால் பாய் கூடாரம்போல் தூக்கி நிற்கும். அடியில் நீர் புகுந்து கோடுகோடாக அரிக்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது! விதையை முதலில் தூவுங்கள். உச்சியில் 30 செ.மீ. ஆழப் பள்ளத்தில் முனையைப் புதைத்து மண்ணை இறுக்குங்கள். மேலிருந்து கீழாக, இழுத்துப் பிடிக்காமல் உருட்டுங்கள். இரண்டு பாய்கள் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறியிருக்க வேண்டும், ஓடு வேய்வதுபோல மேல்பாய் கீழ்ப்பாயின் மீது வரட்டும். பாயை மண்ணோடு பிடிக்கும் ‘ப’ வடிவக் கம்பியை மணற்பாங்கான மண்ணில் நீளமாகவே அடிக்க வேண்டும்.

வாங்கும்போது ஏஎஸ்டிஎம் டி6459 என்ற தரநிலைச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். மூன்றுக்கு ஒன்று (கிடையாக மூன்று, உயரத்தில் ஒன்று) சரிவில் மணிக்கு 2, 4, 6 அங்குலச் செயற்கை மழையைத் தலா 20 நிமிடம் பொழியவிட்டு, வழிந்த மண்ணை எடைபோடும் முறை அது. வெறும் இழுவலிமைச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

சாலைநீர் ஒன்றுகூடிப் பாயும் இடத்தில் இதை நம்பாதீர்கள். அங்கே கல் பதித்த வடிகால்தான்.